சின்ன அறையை நீங்களே அழகுபடுத்த: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

சின்ன வீட்டை அழகுபடுத்தக் கிளம்புகிற பலர் முதல் நாளே கடைக்குப் போய் ஒரு கண்ணாடி, நான்கு படச் சட்டம், ஒரு சர விளக்கு என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். அன்று மாலையே எல்லாம் சுவரில் ஏறிவிடும். ஒரு மாதம் கழித்து அந்தச் சுவருக்கு வேறு வண்ணம் பூசலாம் என்று தோன்றும். உடனே மாட்டியதையெல்லாம் கழற்ற வேண்டும், துளைகளை அடைக்க வேண்டும். நண்பர்கள், உறவினர்கள் வீடுகளில் கூடமாட நின்று வேலை செய்தபோது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். கைவேலை எல்லோருக்கும் வந்துவிடுகிறது. வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

தூசி பறக்கும் வேலை முதலில், ஈர வேலை அடுத்து, மாட்டுகிற வேலை கடைசியில். இந்த ஒன்றை மாற்றாமல் பிடித்துக்கொண்டால் ஓர் அறையை இரண்டு வார இறுதிகளில் முடிக்கலாம். ஒரு சுவருக்கு வண்ணம், உயர்த்திக் கட்டிய திரை, ஒரு பலகை, ஒரு கண்ணாடி, சில படங்கள், விளக்கு. சின்ன அறைக்கு இவ்வளவே போதும்.

1. முதலில் காலி செய்யுங்கள், பிறகு படம் எடுங்கள்

அறையில் இருக்கும் சின்னப் பொருள்கள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கட்டில், அலமாரி போன்ற பெரியவற்றை மட்டும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நடுவில் சேர்த்து வைத்தால் போதும்.

பிறகு நான்கு மூலைகளிலும் நின்று செல்பேசியில் படம் எடுங்கள். தினமும் பார்க்கிற அறையின் குறைகள் கண்ணுக்குத் தெரியாமல் பழகிப்போயிருக்கும். படத்தில் பார்க்கும்போது தொங்குகிற ஒயர், கோணலான திரை, இருட்டு மூலை எல்லாம் பளிச்சென்று தெரியும்.

வெளியே எடுத்ததில் பாதி திரும்ப உள்ளே வர வேண்டியதில்லை என்பதும் இந்தக் கட்டத்தில்தான் புரியும். பொருளைக் குறைக்காமல் அலங்காரத்தை மட்டும் கூட்டினால் சின்ன அறை இன்னும் சிறிதாகிவிடும்.

2. அளவெடுத்து, காகிதத்தை ஒட்டிப் பாருங்கள்

சுவரின் அகலம், உயரம், ஜன்னல் சட்டத்தின் அகலம், சட்டத்திலிருந்து கூரை வரை உள்ள இடைவெளி, சுவிட்ச் பெட்டிகள் இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவு எதுவரை திறக்கிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். இதைப் பலரும் விட்டுவிட்டு, கதவு இடிக்கிற இடத்தில் பலகையை மாட்டிவிடுகிறார்கள்.

அடுத்து, மாட்டப்போகிற கண்ணாடி, படம், பலகை ஒவ்வொன்றின் அளவுக்கும் பழைய செய்தித்தாளை வெட்டி மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். நடக்கும்போது தோள் இடிக்கிறதா, உட்கார்ந்தால் தலை இடிக்கிறதா, படுக்கையிலிருந்து பார்க்க எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். இடம் பிடிக்காவிட்டால் டேப்பை உரித்து நகர்த்திக்கொள்ளலாம். துளை போட்ட பிறகு அந்தச் சௌகரியம் இல்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

3. சுவர் என்ன நிலையில் இருக்கிறது என்று சோதியுங்கள்

மூன்று சோதனைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காக.

ஓதம்: சுவரின் அடிப்பாகத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு முழ நீள அகலத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது தாளின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொட்ட பக்கம், நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். உள்ளிருந்து வரும் ஓதத்தைச் சரிசெய்யாமல் மேலே எதைப் பூசினாலும், எதை ஒட்டினாலும், சில மாதங்களில் உப்பி உரிந்துவிடும். அப்படியான சுவரில் அலங்காரத்தைத் தள்ளிப்போடுங்கள்.

உதிர்தல்: உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளைப் பொடி வந்தால் அது சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ பூசிய சுவர். அதன்மேல் ஒட்டுகிற வால்பேப்பரும் ஒட்டுக் கொக்கிகளும் நிற்காது. பொடியைச் சுரண்டித் துடைத்து, ப்ரைமர் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பூசிய பிறகுதான் புது வண்ணம்.

தட்டிப் பார்த்தல்: விரல் மடக்கித் தட்டினால் திடமான சத்தம் வர வேண்டும். ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வந்தால், ஒன்று அது பலகைச் சுவர், அல்லது சிமெண்ட் பூச்சு செங்கல்லிலிருந்து விட்டுவிட்டது. பலகைச் சுவருக்கு அதற்கென்றே உள்ள ஆங்கர் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிடிப்பான்) வேண்டும். பூச்சு விட்ட இடத்தில் எதையும் மாட்டக் கூடாது.

4. துளை போடுவது: இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள்

வண்ணம் பூசி முடித்த சுவரில் துளை போட்டால், செங்கல் தூசி புதுப் பூச்சில் வழிந்து கறையாகிவிடும். பிட் சற்று வழுக்கினாலும் கீறல் விழும். அதனால் திரைக் கம்பி, பலகை, கண்ணாடி மூன்றுக்குமான துளைகள் இப்போதே. எங்கே வர வேண்டும் என்பதற்கு 8, 9 பகுதிகளை முதலில் படித்துவிடுங்கள்.

தேவையானவை: சுத்தியல் வசதி உள்ள டிரில், 6 மி.மீ. மேசன்ரி பிட் (செங்கல், கான்கிரீட்டைத் துளைக்கும் முனை), 6 மி.மீ. பிளக் (துளைக்குள் செருகி ஸ்க்ரூவை இறுக்கும் பிளாஸ்டிக் குழல்), அதற்குப் பொருந்தும் ஸ்க்ரூ, ரசமட்டம் (மட்டம் பார்க்கும் கருவி), பென்சில், மாஸ்கிங் டேப், கண்ணுக்குக் கண்ணாடி, ஒரு பழைய காகித உறை. சின்னப் பலகைக்கு இந்த அளவு சரியாக இருக்கும். எடை அதிகமான கண்ணாடிக்கு 8 மி.மீ. பிளக் எடுங்கள்.

மின்கம்பி போகும் வழியைத் தவிர்ப்பதுதான் முதல் வேலை. சுவிட்ச் பெட்டியிலிருந்து கம்பி பொதுவாக நேர் மேலாகவோ நேர் கீழாகவோ, சில வீடுகளில் படுக்கைவசமாகவோ போகும். பெட்டிக்கு நேர் மேலே, கீழே, பக்கவாட்டில் இருக்கும் பட்டைகளில் துளை வேண்டாம். சுவரின் மறுபக்கம் குளியலறை என்றால் குழாய் வரும் இடத்தையும் விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

இரண்டு துளைகள் ஒரே மட்டத்தில் வர வேண்டுமென்றால் கூரையிலிருந்து அளக்காதீர்கள். கூரை மட்டமாக இருக்கும் என்று நம்பத்தான் தோன்றும், ஆனால் பல வீடுகளில் அது ஒரு விரல்கடை வித்தியாசத்தில் இறங்கியிருக்கும். ரசமட்டத்தை வைத்துக் கோடு இழுங்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு, கூரையை ஒட்டி வரும் திரைக் கம்பி. அங்கே கூரை லேசாகச் சாய்ந்திருந்தால் கம்பியும் அதே சாய்வில் போவதுதான் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

குறியிட்ட இடத்தில் சின்னத் துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் புள்ளி வையுங்கள். பிட் வழுக்காது, துளையின் ஓரம் உடையாது. பிளக்கின் நீளத்தைப் பிட்டோடு வைத்து அளந்து, அதைவிட ஓர் அரை சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, அந்த இடத்தில் பிட்டைச் சுற்றி ஒரு டேப் கொடி கட்டுங்கள். கொடி சுவரைத் தொட்டதும் ஆழம் போதும். துளைக்குக் கீழே காகித உறையை வாய் திறந்தபடி ஒட்டிவிட்டால் தூசி அதற்குள் விழும்.

ஆரம்பத்தில் மெதுவாக, சுத்தியல் இல்லாமல் ஓட்டுங்கள். பிட் கொஞ்சம் பதிந்ததும் சுத்தியலைப் போடுங்கள். உதிரும் பொடியைக் கவனித்துக்கொண்டே இருங்கள். முதலில் வெள்ளையோ சாம்பலோ வரும், அது பூச்சு. அப்புறம் சிவப்பு வந்தால் செங்கல்லுக்குள் போய்விட்டது, பிளக் நன்றாகப் பிடிக்கும். சிவப்பிலிருந்து திடீரென்று மறுபடி சாம்பல் வந்து பிட் சுலபமாக உள்ளே போனால், இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள கலவைக்குள் இறங்கியிருக்கிறீர்கள். அங்கே பிடிப்பு குறைவு. ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். விடாமல் சாம்பல் பொடியே வந்து பிட் நகர மறுத்தால் அது கான்கிரீட். அவசரப்பட்டு அழுத்தினால் பிட் சூடேறி முனை மழுங்கும். விட்டு விட்டு ஓட்டுங்கள்.

துளை முடிந்ததும் உள்ளே உள்ள பொடியை வெளியே எடுக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. பொடி உள்ளே இருந்தால் பிளக் முழுதாக இறங்காது, கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு ஸ்ட்ரா வைத்து ஊதினாலே போதும்.

பிளக்கை இப்போது செருக வேண்டாம். துளையின் மேல் ஒரு சின்ன டேப் துண்டை ஒட்டி மூடுங்கள். பின்னால் அங்கே மாட்டப்போகும் கிளாம்பின் (கம்பியையோ பலகையையோ தாங்கும் பிடிப்பு) தட்டைவிட அந்தத் துண்டு சிறிதாக இருக்கட்டும். வண்ணம் பூசிய பிறகு உரித்தால், வண்ணம் படாத அந்தச் சின்ன இடத்தைத் தட்டு மறைத்துவிடும்.

துளை போடவே கூடாத வாடகை வீடா? அப்படியானால் இந்தப் பகுதியைத் தாண்டி, 9-இல் சொல்லியிருக்கும் ஒட்டுப் பட்டைகளைப் பயன்படுத்துங்கள்.

5. பட்டி பார்ப்பது

பழைய ஆணித் துளை, விரிசல், உரிந்த இடம் எல்லாவற்றையும் தளர்வான பகுதி போகும்வரை சுரண்டுங்கள். பிறகு அவற்றைப் பட்டியால், அதாவது பள்ளத்தை அடைக்கும் பசையால், நிரப்புங்கள். பட்டி ஈரம் போகும்போது சுருங்கும். அதனால் ஆழமான பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பாமல் இரண்டு முறை பூசுங்கள். முதல் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே இரண்டாவது.

காய்ந்ததும் முதலில் 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். சரியாக வந்ததா என்று கண்ணால் பார்ப்பதைவிட, செல்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். முகமூடி அவசியம். மிகப் பழைய எண்ணெய்ப் பெயிண்ட் இருக்கும் கதவு, ஜன்னல்களை மட்டும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதன் தூசி குழந்தைகளுக்குப் பெரிய கேடு.

தேய்த்த இடங்களில் ப்ரைமர் ஒரு கை பூசுங்கள். பட்டி வண்ணத்தை உறிஞ்சுவதால், ப்ரைமர் இல்லாமல் பூசினால் அந்த இடம் மட்டும் திட்டுத் திட்டாகத் தெரியும். மூன்றாவது, நான்காவது கை பூசியும் திட்டு போகவில்லை என்று வருந்துகிறவர்கள் விட்டது இந்த ஒரு படிதான்.

6. ஒரு சுவருக்கு வண்ணம்

நான்கு சுவரையும் மாற்றத் தேவையில்லை. அறைக்குள் நுழைந்ததும் கண் போகிற சுவர் ஒன்று போதும். கதவும் ஜன்னலும் இல்லாத சுவர் என்றால் வேலையும் சுலபம்.

கடை அட்டையில் உள்ள சதுரத்தைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். சின்ன மாதிரி டப்பா வாங்கி, ஏ4 தாளில் இரண்டு கை பூசி, காயவைத்துச் சுவரில் ஒட்டுங்கள். காலை, மதியம், இரவு விளக்கொளி என்று மூன்று வேளையும் பாருங்கள். பகலில் இதமாக இருக்கும் சாம்பல் இரவில் நீலமடித்து நிற்பதுண்டு. பளபளப்பு இல்லாத பூச்சு சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும். பளபளப்பு கூடக் கூட எல்லாக் குறையும் வெளியே தெரியும்.

எவ்வளவு வாங்குவது? 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள சுவர் 8.1 சதுர மீட்டர். இரண்டு கைக்கு 16.2. ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கைக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும் என்று வைத்தால் 1.6 லிட்டர். 2 லிட்டர் வாங்குங்கள். இரண்டு டப்பாக்களாக வாங்கினால் ஒரு வாளியில் கொட்டிக் கலந்துவிடுங்கள். ஒரே எண் என்றாலும் இரண்டு டப்பாக்களுக்கிடையே மெல்லிய வேறுபாடு இருக்கலாம், அது சுவரின் நடுவே தெரிந்தால் மாற்ற முடியாது.

பூசும் வரிசை: பக்கத்துச் சுவர், கூரையின் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, முதலில் ஓரங்களைப் பிரஷ்ஷால் நான்கு விரல் அகலத்துக்கு இழுங்கள். அது காய்வதற்குள் ரோலரை அதன்மேல் ஏற்றி நடுப்பகுதிக்கு வாருங்கள். ஓரம் முழுதும் காய்ந்த பிறகு ரோலர் போட்டால் சட்டம் கட்டியது போல் தனியாகத் தெரியும். அதனால் சுவர் முழுக்க ஓரத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போகாமல், ஒரு மீட்டர் ஓரம், உடனே ஒரு மீட்டர் ரோலர் என்று நகருங்கள்.

ரோலரை அழுத்த வேண்டாம். அழுத்தினால் இரு பக்கமும் கோடு விழும். பெயிண்ட் தீர்ந்ததும் மறுபடி தொட்டுக்கொள்வதுதான் வழி.

இரண்டாவது கைக்கு முன் டப்பாவில் சொன்ன நேரம் காத்திருங்கள். பெரும்பாலும் நான்கு மணி நேரம் வரும், மழைக்காலமானால் இன்னும் கூடும். கடைசிக் கை பூசி முடித்ததும், வண்ணம் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே ஓரத்து மாஸ்கிங் டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். இறுகக் காய்ந்த பிறகு உரித்தால் வண்ணமும் தோல் போலக் கூடவே வரும். அப்படி இறுகிவிட்டால் டேப்பின் ஓரத்தில் கூர்மையான கத்தியால் ஒரு கோடு கீறிவிட்டு உரியுங்கள்.

7. காத்திருக்கும் வாரம்

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக வண்ணம் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்க்ரூவில் மாட்டுவதை மறுநாள் செய்யலாம். ஒட்டுப் பட்டைகளுக்குக் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். ஒட்டும் வால்பேப்பர் என்றால் மூன்று, நான்கு வாரம். அந்த ஒரு வாரத்தில் திரையைத் தைத்துக்கொள்ளலாம்.

8. திரையை உயர்த்திக் கட்டுங்கள்

சின்ன அறையில் கொடுத்த உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் அனுபவம். ஜன்னல் சட்டத்தை ஒட்டிக் கம்பி மாட்டினால் கூரை தாழ்ந்து தெரியும், திறந்து வைத்தாலும் துணி பாதி வெளிச்சத்தை மறைக்கும்.

கம்பியைச் சட்டத்துக்கு மேலே 15 செ.மீ. அளவிலோ, இடமிருந்தால் கூரைக்கு அருகிலோ மாட்டுங்கள். இரு பக்கமும் சுமார் 20 செ.மீ. நீட்டுங்கள். 120 செ.மீ. ஜன்னலுக்கு 160 செ.மீ. கம்பி. திறக்கும்போது துணி முழுதும் சுவரின் மேல் ஒதுங்கிவிடும், கண்ணாடி முழுக்கத் திறந்திருக்கும், ஜன்னலும் பெரிதாகத் தெரியும்.

துணியின் மொத்த அகலம் கம்பியைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 320 செ.மீ., இரண்டு திரைகளாக. இதைவிடக் குறைந்தால் மூடும்போது மடிப்பில்லாமல் போர்வை போல் விரைத்து நிற்கும்.

பருத்தித் துணி என்றால் அடி மடிப்பதற்கு முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள், சுருங்கும். கம்பியில் போட்டு ஓரிரு நாள் தொங்கவிட்டு, பிறகு தரைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே அடியை மடியுங்கள்.

9. பலகை, கண்ணாடி, படங்கள்

பலகை 20 செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் குறுகிய அறையில் நடைபாதையைத் தின்றுவிடும். 18 மி.மீ. பிளைவுட் என்றால் தாங்கிகளுக்கிடையே 60 செ.மீ. இருக்கட்டும். அதிகமானால் புத்தக எடையில் நடுவே தொய்யும். தலைமாட்டுக்கு நேர் மேலே எடையுள்ள பலகையோ கண்ணாடியோ வைக்கவே வேண்டாம்.

கண்ணாடியை எங்கு வைப்பது என்று கேட்டால், அது எதைக் காட்டப்போகிறது என்று பாருங்கள் என்பேன். அந்த இடத்தில் நின்று செல்பேசியின் முன்பக்கக் கேமராவைச் சுவரோடு வைத்துப் பாருங்கள். வானமோ செடியோ வெளிச்சமோ தெரிந்தால் சரியான இடம். துணிக்கொடியும் பாத்திரக் கூடையும் தெரிந்தால், அவை இனி இரண்டிரண்டாகத் தெரியும். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர் பெரும்பாலும் பொருந்தி வரும்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வந்தால் நிற்பவர் கண்ணுக்கு நேராக இருக்கும். எல்லோரும் இதைவிட மேலேதான் மாட்டுகிறார்கள். கணக்கு இப்படி: சட்டத்தின் உயரம் 50 செ.மீ. என்றால் பாதி 25. பின்னால் உள்ள கம்பியை விரலால் இழுத்துப் பிடித்தால் சட்டத்தின் மேல் ஓரத்துக்கு 5 செ.மீ. கீழே நிற்கிறது. 147-உடன் 25 கூட்டி 5 கழித்தால் 167. கொக்கி வர வேண்டிய உயரம் அது. சோபாவுக்கு மேலே என்றால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு, சாய்மானத்துக்கு மேல் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி வையுங்கள். அதற்கு மேல் போனால் படமும் சோபாவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும்.

ஒட்டுப் பட்டைகள் பயன்படுத்துவோருக்கு: சுவரை ஈரத்துணியால் துடைக்காமல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ஒட்டிய பின் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடையை ஏற்ற வேண்டும். அட்டையில் போட்ட எடையில் பாதியைத்தான் நான் ஏற்றுவேன். இழுத்துக் கழற்றும் வகையாக இருந்தால், பட்டையின் வாலை (கீழே நீட்டியிருக்கும் நுனியை) சுவரோடு ஒட்டினாற்போல் நேர் கீழே இழுங்கள். உங்களை நோக்கி இழுத்தால் பூச்சு பெயர்ந்து வரும்.

10. கடைசியாக விளக்கு

உச்சியில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு எரியும் அறையில் மூலைகள் இருட்டாகவே இருக்கும், சுவர்கள் நெருங்கி வந்தது போலத் தோன்றும். கண் மட்டத்துக்குக் கீழே இரண்டு சின்ன விளக்குகள் சேர்த்தால் இது மாறும். பல்ப் பெட்டியில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 2700 முதல் 3000 வரை இதமான மஞ்சள், 6500 குளிர்ந்த வெள்ளை. எது பிடித்தாலும் சரி, ஓர் அறையில் எல்லாம் ஒரே எண்ணாக இருக்கட்டும்.

பலகைக்கு அடியில் எல்இடி பட்டை ஒட்டுவதானால், கத்தரிக்கோல் குறி உள்ள இடத்தில் மட்டும் வெட்டுங்கள். வேறு இடத்தில் வெட்டினால் அந்தத் துண்டு எரியாது. மீட்டருக்கு 10 வாட் பட்டை 3 மீட்டர் என்றால் 30 வாட். அடாப்டர் குறைந்தது 36 வாட் இருக்கட்டும். முழுத் திறனில் ஓடும் அடாப்டர் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். பட்டையைப் பலகையின் முன் ஓரத்தில், சுவரைப் பார்த்தபடி ஒட்டினால் புள்ளி புள்ளியாகக் கண்ணில் குத்தாது, சுவரில் ஒளியாக மட்டும் வழியும்.

எல்லாம் முடிந்ததும் மீந்த பெயிண்டை இறுக மூடும் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில், காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு வரை ஊற்றி வையுங்கள். மூடியின் மேல் நிறத்தின் பெயர், எண், பூசிய தேதி, எந்தச் சுவர் என்று எழுதி ஒட்டுங்கள். என்றாவது ஒரு துளையை அடைத்துவிட்டு அதன்மேல் விரல்நகம் அளவுக்கு வண்ணம் தொட வேண்டி வரும். அப்போது அந்த எண் கையில் இல்லாவிட்டால் சுவர் முழுவதையும் மறுபடி பூச வேண்டியிருக்கும்.